அரசு ஊழியருக்குச் சம்பளம் அதிகமா? கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா புதுச்சேரி முதலியார்பேட்டையில் பஞ்சாலைத் தொழிலாளி. நான் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் பில் சீட்டில்தான், அதாவது மற்றவர்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டு கருவூலத்துக்கு அனுப்பும் இருக்கையில். ஓய்வு பெற்ற பிறகு உறவினர், அக்கம்பக்கத்தார், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. நான் பார்த்த பட்டியல்களும் பார்த்த மனிதர்களும் சேர்ந்து தந்தவை.

நேராகச் சொல்லுங்கள். அரசு ஊழியருக்குச் சம்பளம் அதிகமா, இல்லையா?

எந்த ஊழியருக்கு என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். காலை ஒன்பது மணிக்கு நம் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். உள்ளே போகும் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். 2025 ஜூலைக் கணக்கில் அகவிலைப்படி 58 சதவீதம், அதைச் சேர்த்தால் 57,512. வீட்டு வாடகைப்படி தனி. அவர் பின்னாலேயே வரும் பகுதிநேர ஓவிய ஆசிரியருக்கு அந்த ஆண்டு மாதம் 12,500. அதுவும் 2012-இல் 5,000 ரூபாயில் சேர்ந்து, போராடிப் போராடி ஏறிய தொகை. சத்துணவு அமைப்பாளரின் ஊதிய விகிதம் 7,700-இல் தொடங்குகிறது. சமையல் உதவியாளருக்கு 3,000-இல். ஆமாம், மூவாயிரம்தான், எழுத்துப் பிழை இல்லை.

இந்த நாலு பேரையும் ஊரில் "அரசுப் பள்ளியில் வேலை" என்றுதான் சொல்கிறோம். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட அப்படித்தான் சொல்கிறோம். "அரசு ஊழியருக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது முதல் ஆள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் எண்ணம் இதுதான்: மேல்தட்டில் அரசு கொடுப்பது, அதே பொறுப்புக்குத் தனியார் கொடுப்பதைவிடக் குறைவு. நடுவிலும் கீழும் இருக்கிற நிரந்தரப் பணியாளருக்குத் தனியாரைவிட அதிகம். அதற்கும் கீழே, பெயரளவில் மட்டும் அரசு வேலையில் இருப்பவர்களுக்கு, வாழ முடியாத அளவுக்குக் குறைவு. மூன்றையும் ஒரே கேள்வியில் போட்டுக் குலுக்கினால் எந்தப் பதிலும் தப்பாகத்தான் வரும்.

நடுவில் இருப்பவருக்குத் தனியாரைவிட அதிகம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே?

ஒப்புக்கொள்கிறேன். மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு 2015-இல் அறிக்கை கொடுத்தபோது, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தை வைத்து இதை ஆராய்ந்தது. அரசில் கடைசிப் படியில் இருக்கும் உதவியாளர் அப்போது வாங்கியது 22,579 ரூபாய். அதே வேலைக்குத் தனியார் கொடுத்தது 8,000 முதல் 9,500 வரை. இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் "பார்த்தீர்களா, எவ்வளவு அதிகம்" என்கிறார்கள். ஆனால் அந்தக் குழு குறைந்தபட்சச் சம்பளத்தை 18,000 என்று எப்படி முடிவு செய்தது தெரியுமா? 1957-இல் நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் அளவுகோலை எடுத்துக்கொண்டது. ஒரு சின்னக் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, காய்கறி, எண்ணெய், எத்தனை மீட்டர் துணி என்று வரிசையாக எழுதி, விலை போட்டு, வாடகை, விளக்குச் செலவு, பண்டிகை, விசேஷச் செலவு சேர்த்துக் கூட்டினார்கள். நம் வீட்டில் மளிகைப் பட்டியல் போடுகிற மாதிரிதான். ஆடம்பரம் ஒன்றும் அதில் இல்லை. அப்படியானால் 9,000 ரூபாய்க்கு வேலை பார்த்தவர் வீட்டில் அந்தப் பட்டியலில் பாதிப் பொருள் வாங்கப்படவில்லை என்றுதானே அர்த்தம்?

என் தங்கை மகள் பி.எட். முடித்துக் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். மாதம் பதினாலாயிரம். "பெரியம்மா, நானும் அதே சிலபஸ்தான் நடத்துறேன், என் பிள்ளைகளும் நூத்துக்கு நூறு வாங்குது. அப்புறம் ஏன் எனக்கு இவ்வளவு?" என்று ஒரு நாள் கேட்டாள். அவள் கோபம் நியாயம். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைப் பதினாலாயிரமாக்கினால் இவளுக்கு ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. இன்றைக்கு அவளுடைய நிர்வாகம் "அரசு வேலை கிடைத்தால் போய்விடுவாள்" என்ற பயத்திலாவது எப்போதாவது ஐநூறு ரூபாய் ஏற்றுகிறது. அந்தப் பயமும் போய்விடும்.

கடலூரில் ஒரு சம்பளம், புதுச்சேரியில் ஒரு சம்பளம் என்கிறார்களே?

உண்மைதான். புதுச்சேரி யூனியன் பிரதேசம், அங்கே மத்திய அரசின் ஊதிய விகிதம். இந்தப் பக்கம் தமிழ்நாடு அரசின் விகிதம். இடையில் இருப்பது முள்ளோடை செக்போஸ்ட் மட்டும்.

இந்தப் பக்கம் இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்கம் 20,600. அந்தப் பக்கம், அதே வயதுப் பிள்ளைகளுக்கு அதே அ, ஆ சொல்லிக்கொடுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 35,400. இரண்டாம் நிலைக் காவலர் இங்கே 18,200, அங்கே காவலருக்கு 21,700. ஒரே பஸ்ஸில் ஏறி, ரெட்டிச்சாவடியில் ஒருவரும் கன்னியக்கோவிலில் ஒருவரும் இறங்குகிறார்கள். காய்கறி விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னொரு கோடு இருக்கிறது. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை 8,370 என்றும், மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 என்றும் நிர்ணயமானது. ஒரு நாள் வித்தியாசத்தில் 3,170 ரூபாய் இடைவெளி. அதன் மேல் அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் ஏற ஏற இடைவெளி பெரிதாகிக்கொண்டே வந்தது. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று அவர்கள் சென்னையில் குடும்பத்தோடு உட்கார்ந்தபோது, ஊரில் பலர் "இவர்களுக்கு இன்னும் வேணுமா" என்றார்கள். கேட்டது கூடுதல் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வாங்குவது.

ஆட்குறைப்பு என்றால் தனியார் கம்பெனியில்தானே? அரசில் எப்போது நடந்தது?

வயதில் சின்னவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். 2001-லிருந்து 2006 வரை வேலையில் இருந்த எவரும் கேட்க மாட்டார்கள்.

2001 நவம்பரில் காலிப் பணியிடங்களை நிரப்பத் தடை வந்தது. ஆள் ஓய்வு பெற்றால் அந்த மேசை காலி. 2002 செப்டம்பரில் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் சுமார் பத்தாயிரம் பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மண்வெட்டியும் கூடையும் பிடித்து, ரோட்டோரப் புதர் வெட்டி, குழி மூடி வயிறு வளர்த்தவர்கள். 41 மாதம் கழித்து 2006-இல்தான் திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கக் கோரி அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் போராடினார்கள்.

2003 ஜூலை என் வாழ்க்கையில் மறக்க முடியாத மாதம். பறிக்கப்பட்ட சலுகைகளைக் கேட்டு, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை அரசு ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்தது. இரவில் வீடு தேடி வந்து தலைவர்களைக் கைது செய்தார்கள். என் சீட்டுக்கு எதிர் சீட்டில் இருந்தவர் காலையில் பெயர்ப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அதே தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. பிறகு பல ஆண்டுகள் எங்கள் அலுவலகத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

கிராம ஊராட்சிகளில் வேலை பார்த்த மக்கள் நலப் பணியாளர்கள் கதை தனி. 1989-90-இல் எடுத்தார்கள், 1991-இல் நீக்கினார்கள். 1997-இல் எடுத்தார்கள், 2001-இல் நீக்கினார்கள். 2006-இல் எடுத்தார்கள், 2011 நவம்பரில் நீக்கினார்கள். சுமார் 13,500 குடும்பம். கடைசியாக 2022-இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளராகத் திரும்ப அழைத்தபோது கொடுத்தது 7,500 ரூபாய். இருபது வயதில் சேர்ந்தவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

புதுச்சேரி மில்களை மூடியது சரிதானே? நஷ்டத்தில்தானே ஓடின?

நஷ்டத்தில் ஓடியது உண்மை. ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. 1898-இல் தொடங்கியது. 1980-களில் புதுச்சேரி அரசு அதை எடுத்துக்கொண்டது. சுதேசி, பாரதி மில்களும் பிறகு அரசு கைக்கு வந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஏ.எஃப்.டி.யின் கூரைகளைப் பிய்த்துப் போட்டது, அதற்குப் பிறகு மில் நிமிரவே இல்லை. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடினார்கள். மற்ற இரண்டும் அதே காலத்தில் நின்றன.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் வாசலில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை வந்தது அந்த ரத்தத்துக்குப் பிறகுதான். அந்தச் சவானாதான் பின்னாளில் சுதேசி. ஒவ்வொரு ஜூலை 30-ம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அஞ்சலிக்குப் போவார். அப்படிப் பெற்ற வேலையை யார் இழந்தார்கள், எப்படி இழந்தார்கள் என்பதைப் பாருங்கள். புது இயந்திரம் வாங்கவில்லை, பஞ்சு வாங்க மூலதனம் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் "மில்லைத் திறப்போம்" என்ற பேச்சு மட்டும் இருந்தது. நிர்வாகம் செய்த தவறு ஒவ்வொன்றும் கடைசியில் "தொழிலாளிக்குச் சம்பளம் அதிகம்" என்ற ஒரே வரியாகிப் போனது. தறி ஓட்டியவர் மில்லின் கணக்குப் புத்தகத்தை ஒரு நாளும் தொட்டதில்லை.

மூடிய பிறகு வந்த செலவையும் யாரும் எழுதுவதில்லை. முதலியார்பேட்டையில் ஷிஃப்ட் முடிகிற நேரத்தை நம்பி இருந்த டீக்கடை, சைக்கிள் கடை, இட்லிக்கார அம்மா எல்லாரும் அந்த மில்லில்தான் வேலை பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் பெயர் எந்த ஈட்டுத்தொகைப் பட்டியலிலும் இல்லை.

இப்போது யாரையும் நீக்கவில்லையே, அப்புறம் ஏன் ஆட்குறைப்பு என்கிறீர்கள்?

சத்தமில்லாமல் நடக்கிறது. எனக்குத் தெரிந்து மூன்று வழி.

ஓய்வு பெறுகிறவர் இடத்தை நிரப்பாமல் விடுவது முதல் வழி. நான் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் ஏழு பேர். ஓய்வு பெற்றபோது மூன்று. வேலை குறையவில்லை, கணினி வந்த பிறகு அறிக்கை கேட்பவர்கள் எண்ணிக்கை கூடியது. கம்ப்யூட்டர் வந்ததால் ஆள் வேண்டாம் என்பார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றவும் ஆள்தானே வேண்டும்?

பணியிடத்தையே வெளிமுகமைக்கு மாற்றுவது இரண்டாவது. மாநகராட்சிகளில் 2022-இல் வந்த அரசாணை 152 இதைத்தான் செய்தது. துப்புரவு, ஓட்டுநர், காவலாளி போன்ற வேலைகள் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகின்றன. 2021-இல் மாநகராட்சியான நம் கடலூருக்கும் இது அந்நியம் இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்தது இதே பிரச்சினைக்காகத்தான். நேற்று வரை மாநகராட்சியிடம் கூலி வாங்கியவரை, இன்றைக்கு ஒரு கம்பெனியிடம் குறைந்த கூலிக்குப் போ என்றார்கள்.

மூன்றாவது, தொகுப்பூதியம், அதாவது ஊதிய விகிதமோ படிகளோ இல்லாமல் மாதம் ஒரே தொகை. புதுச்சேரியில் வவுச்சர் ஊழியர், தினக்கூலி என்று வேறு பெயர்கள். ஒப்பந்த நர்சுகளை 2015-இல் 7,700 ரூபாய்க்கு எடுத்தார்கள். பக்கத்து வார்டு நிரந்தர நர்ஸ் போடுகிற அதே ஊசியைத்தான் இவரும் போட்டார். கொரோனாவில் அதே கவச உடைக்குள்தான் நின்றார்.

ஆனால் அரசில் ஆட்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள் என்பது பொய்யா?

சில இடத்தில் உண்மை. அதை மறைக்கக் கூடாது. நம் மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் சிதம்பரத்தில் இருக்கிறது. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஊழியர் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. 2012 கடைசியில் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, ஆட்களைக் குறைக்கப் போகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. ஊரே கொந்தளித்தது. 2013-இல் அரசு நிர்வாகியை நியமித்து, தனிச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு செய்ததுதான் கவனிக்க வேண்டியது. உபரி என்று கணக்கிட்டவர்களைத் தெருவில் விடவில்லை. பணிநிரவல் செய்தார்கள். உதவிப் பேராசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும், அலுவலகப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் மாநிலம் முழுக்க வெவ்வேறு துறைகளுக்கும் போனார்கள். சிதம்பரத்தில் வீடு, தென்கோடியில் வேலை, இரண்டு வாடகை. வயதான தாயைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போனவரை எனக்குத் தெரியும். கஷ்டம்தான், நிறைய கஷ்டம். ஆனாலும் சம்பளம் வந்தது, காலியாக இருந்த இடங்களுக்கு ஆள் கிடைத்தது. ஆள் கூடுதல் என்றால் நீக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் சிதம்பரக் கதையைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அவ்வளவு பேரை வேலைக்கு எடுத்தது யார்? சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர், அதில் கையெழுத்துப் போட்டவர் ஒருவரும் இடமாறுதல் உத்தரவு வாங்கவில்லை. புதுச்சேரியில் அரசு சார்பு நிறுவனங்கள் பலவற்றிலும் இதே கதைதான். தேர்தலை ஒட்டி ஆள் எடுப்பார்கள், பிறகு மாதக்கணக்கில் சம்பளம் வராது. ரேஷன் கடைகள் அங்கே வருடக்கணக்கில் மூடிக் கிடந்து 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தன. சம்பளம் வராத கடை ஊழியரைப் பார்த்து "அரசு வேலைக்காரன், சுகவாசி" என்று சொன்னவர்களும் உண்டு.

மொத்த வரிப்பணமும் சம்பளத்துக்கே போகிறதாமே?

மொத்தமும் இல்லை. பெரிய பங்கு போகிறது. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் அதன் முக்கியச் செலவே வாத்தியார் சம்பளம்தான். மருத்துவமனையும் அப்படியே. டாக்டர், நர்ஸ் சம்பளத்தை "நிர்வாகச் செலவு" என்றும், கட்டடத்தை "வளர்ச்சி" என்றும் எழுதுவதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. பிள்ளைக்கு ஊசி போடுவது கட்டடம் இல்லை.

எண்ணிக்கையையும் பாருங்கள். ஏழாவது ஊதியக் குழு தந்த ஒப்பீடு இது: மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு அமெரிக்க மத்திய அரசில் 668 ஊழியர், நம் மத்திய அரசில் 139.

தானே புயலுக்கு மறுநாள் கடலூரில் மின்கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வேறு மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை, பள்ளிக்கூடத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். நாங்கள் தெருவில் அடுப்பு வைத்து அவர்களுக்குச் சோறு பொங்கினோம். புதுச்சேரி மின்துறையைத் தனியாருக்குக் கொடுக்க 2022 செப்டம்பரில் டெண்டர் விட்டு, ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது எனக்கு அந்தத் தொழிலாளர்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

அப்படியானால் லஞ்சம்? சம்பளமும் வாங்கிக்கொண்டு லஞ்சமும் வாங்குகிறார்களே?

இந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். என் அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தேன். நானும் அரசு ஊழியர் என்று தெரிந்தும் கேட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்றேன். இரண்டு மாதம் இழுத்தது. முப்பது வருடம் அதே அரசில் வேலை பார்த்தவளுக்கே இந்த நிலைமை என்றால், கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவரின் கோபத்தை என்னால் எப்படிக் குறை சொல்ல முடியும்? ஊரில் அரசு ஊழியர் சம்பளத்தின் மேல் இருக்கிற வெறுப்பில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. சங்கங்கள் சம்பள உயர்வுக்குக் கொடி பிடித்த அளவு இதற்குப் பிடிக்கவில்லை. எங்கள் சங்கமும்தான்.

ஆனால் சம்பளத்தைக் குறைத்தால் லஞ்சம் குறையாது, கூடும். ஆளைக் குறைத்தாலும் கூடும். ஒரு கிராம நிர்வாக அலுவலர் கூடுதல் பொறுப்பாக இன்னொரு கிராமத்தையும் பார்க்கும்போது, அவர் எப்போது எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார்.

அரசு ஊழியரை நீக்கவே முடியாதாமே?

முடியும். அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு, குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து நீக்கு என்றுதான் சொல்கிறது. வேலை செய்யாதவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பவும் விதி உண்டு. பயன்படுத்த மேலதிகாரிக்குத் துணிச்சல் வேண்டும்.

பென்ஷன் வேறு கொடுக்கிறார்களே?

"அரசு வேலை என்றால் பென்ஷன்" என்று நினைப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதலும், மத்திய அரசிலும் புதுச்சேரியிலும் 2004 ஜனவரி 1 முதலும் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. மாதாமாதம் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் பத்து சதவீதம் பிடித்தம். மேலே சொன்ன பட்டதாரி ஆசிரியருக்கு அது 5,751 ரூபாய். எனக்குப் பழைய பென்ஷன். என் பக்கத்து சீட்டில் இருந்த பையன் 2005-இல் சேர்ந்தவன். பிடித்தத்தை ஒவ்வொரு மாதமும் என் கையாலேயே போட்டேன். அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாங்குவது கூச்சமாக இருந்தது.

மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல், இருபத்தைந்து வருடம் பணி முடித்தவருக்குச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதியாகத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசும் 2026 தொடக்கத்தில் உறுதி ஓய்வூதியத்தை அறிவித்தது.

என்.எல்.சி. ஆட்கள் மட்டும் எப்படி அவ்வளவு வாங்குகிறார்கள்?

நெய்வேலி நிரந்தரத் தொழிலாளியைச் சொல்கிறீர்கள். அவருடைய சம்பளம் நல்ல சம்பளம்தான். லாபம் ஈட்டும் நிறுவனம், கொடுக்க முடிகிறது, கொடுக்கிறது. 2013-இல் பங்கு விற்பனைக்கு எதிராக வேலைநிறுத்தம் நடந்து, கடைசியில் 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டதற்கும் அந்தத் தொழிலாளர்களின் ஒற்றுமைதான் காரணம்.

ஆனால் அதே சுரங்கத்தில், அதே பழுப்பு நிலக்கரித் தூசியில் ஒப்பந்தத் தொழிலாளி பல வருடமாக நிற்கிறார். அவருடைய கூலி வேறு. நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. மந்தாரக்குப்பம் பக்கம் ஒரே வீட்டில் அண்ணன் நிரந்தரம், தம்பி காண்ட்ராக்ட். அண்ணன் சம்பளத்தைக் குறைத்துத் தம்பிக்குச் சமமாக்கலாம் என்று அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

ஆளைக் குறைத்தால் நிறுவனம் பிழைத்துக்கொள்ளுமா?

பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,500 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். பாதிக்குப் பாதி. சம்பளச் செலவு இறங்கியது. லைன் பழுதானால் வந்து பார்க்கவும் ஆள் இல்லை. மற்றதை அந்தக் கனெக்ஷன் வைத்திருந்தவர்களிடம் கேளுங்கள்.

நான் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். நிரந்தரம் கேட்க முடியுமா?

2006 ஏப்ரல் 10 அன்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், முறையான தேர்வில்லாமல் சேர்ந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அனுமதிக்கப்பட்ட காலியிடத்தில், நீதிமன்ற உத்தரவின் துணை இல்லாமல் பத்து வருடம் பணியாற்றியவர்களுக்கு மட்டும் ஒருமுறை வாய்ப்புக் கொடுக்கச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் துறைகள் இத்தனை வருடம் மனுக்களைத் திருப்பின.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. 2016 அக்டோபரில் பஞ்சாப் வழக்கொன்றில், அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் சம ஊதியம் உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், நிரந்தரமான வேலைக்கு வருடக்கணக்கில் தற்காலிகப் பெயரில் ஆள் வைத்துக்கொண்டு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்காதே என்று அரசையே கண்டித்தது. இந்த மூன்று தீர்ப்பையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த வக்கீலிடம் போங்கள்.

போவதற்கு முன்னால் சில காகிதங்களைச் சேருங்கள். முதல் நியமன உத்தரவு, ஒவ்வொரு நீட்டிப்பு உத்தரவு, சம்பளம் வரவான பாஸ்புக் பக்கங்கள், வருகைப் பதிவேட்டின் நகல். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை என்றால் பி.எஃப். பிடித்தது உண்மையிலேயே கணக்கில் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். நான் பார்த்தவரை ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் கொடுக்க வேண்டும்.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனுப் போடுங்கள். உங்கள் அலுவலகத்தில் உங்கள் பணிக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பியது எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி என்று மூன்றே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும். பில் சீட்டில் இருந்தபோது இப்படி வந்த மனு ஒன்றுக்கு நானே பதில் தயாரித்தேன். காலியிடம் நாலு, அந்த நாலிலும் தொகுப்பூதியத்தில் நாலு பேர், குறைந்தது எட்டு வருடமாக. மனுப் போட்டவர் அந்த நாலு பேரில் ஒருவர். பதிலில் அலுவலக முத்திரை குத்தி அவர் கையில் கொடுத்தேன்.